இன்னும் அரை மணி நேரம்: சென்னை–மதுரை விமானமும் பயணியின் உரிமையும்

மாலை 7.10-க்குச் சென்னையிலிருந்து கிளம்ப வேண்டிய மதுரை விமானம். திரையில் நேரம் முதலில் 7.45 என்று மாறியது. அப்புறம் 8.20. அப்புறம் 8.55. சென்னை விமான நிலையம் 2022 ஏப்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்திவிட்டு ‘சத்தமில்லா’ நிலையமாக மாறியது. காதுக்கு நல்லதுதான். ஆனால் தாமதமும் சத்தமில்லாமலே வரும். கேட் முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரையையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் மஞ்சள் பை. மறுநாள் காலையில் பேத்திக்குக் காதுகுத்து. எழுந்து போய் கேட்டில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

“ஏம்மா, எப்பத்தான் எடுப்பீங்க?”

“இன்னும் அரை மணி நேரம்தான் சார். வர்ற ஃபிளைட் லேட்.”

“இதையேதாம்மா ஏழரைக்கும் சொன்ன.”

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடமும் எதுவும் இருந்திருக்காது. பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: “பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டிருந்தா காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போயிருப்பேன் தம்பி.”

எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ‘இன்னும் அரை மணி நேரம்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அதுதான் இங்கே விஷயம்.

இந்தியாவில் விமானம் தாமதமானாலோ, ரத்தானாலோ, டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தாலோ பயணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. 2010-ல் வந்து, பிறகு திருத்தப்பட்ட விதி. இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் உள்நாட்டு விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று நிறுவனம் எதிர்பார்த்தால், நேரத்தோடு செக்-இன் செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். சென்னை–மதுரை இந்த வகைக்குள் வருகிறது. இன்னும் நீளமான பயணம் என்றால் அந்த 2 மணி 3 ஆகவும் 4 ஆகவும் கூடும்.

‘எதிர்பார்த்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தாமதத்தை 35 நிமிடத் துண்டுகளாக நறுக்கித் திரையில் போட்டால், எந்த நேரத்திலும் நிறுவனம் 2 மணி நேரத் தாமதத்தை ‘எதிர்பார்க்கவில்லை’ என்றே ஆகிவிடும். வேண்டுமென்றே நறுக்குகிறார்கள் என்று நான் குற்றம் சாட்ட மாட்டேன். சில நேரம் அவர்களுக்கே தெரியாது. ஆனாலும், எதிரே வர வேண்டிய விமானம் வேறு ஊரிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. எங்களுக்கு 9.15-க்கு ஆளுக்கு ஒரு கப் உப்புமா வந்தது. வெந்நீர் ஊற்றி மூடிவைக்கும் வகை. கூடவே ஒரு பழச்சாறு டப்பா. பெரியவர் உப்புமாவை அப்படியே பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு மேல்? தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைப் பயணி கேட்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் அறை. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானமாக இருந்தால் 6 மணி நேரத் தாமதத்துக்கே அறை உண்டு. இந்த எல்லைக்கோட்டில் ஒரு வேடிக்கை. 8.05 விமானம் இரவு இரண்டரைக்குக் கிளம்பினால் பயணிக்குப் படுக்கை. எங்கள் 7.10 விமானம் அதே இரண்டரைக்குக் கிளம்பியிருந்தால் விதிப்படி நாற்காலிதான்.

சரி, இதில் பணம் எங்கே என்று கேட்கலாம். இல்லை. தாமதத்துக்கென்று இந்த விதியில் ஒரு ரூபாய்கூட இழப்பீடு கிடையாது. நீங்கள் ஒரு நிமிடம் பிந்தினால் கவுன்டர் மூடியிருக்கும், டிக்கெட் போனது போனதுதான். நிறுவனம் ஐந்தே முக்கால் மணி நேரம் பிந்தினால் அதன் செலவு ஒரு கப் உப்புமா. குறுகிய வழித்தடத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் உறுத்தும். மதுரைக்கு ரயிலில் ஏழெட்டு மணி நேரம் ஆகிறது என்பதற்காகத்தான் கூடுதல் காசு கொடுத்து விமானத்தில் போகிறோம். வாங்கியது நேரத்தை, பறிபோவதும் அதேதான்.

இனி, ஏன் தாமதமாகிறது என்பதற்கு வருவோம். குறுகிய தடங்களில் ஓடும் ஒரு விமானம் ஒரு நாளில் ஆறு, எட்டு நடை போகும். டவுன் பஸ் மாதிரி. காலையில் ஓர் ஊர், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து இன்னோர் ஊர், மறுபடி சென்னை. ஒவ்வொரு முறை இறங்கியதும் ஆள் இறக்கி, பெட்டி இறக்கி, கூட்டிப் பெருக்கி, எரிபொருள் போட்டு, ஆள் ஏற்றிக் கிளம்ப அரை மணி நேரம் போலத்தான் ஒதுக்கியிருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு வேறெங்கோ இருபது நிமிடம் போனால் அது அடுத்த நடைக்கு மாறும், அதற்கடுத்ததற்கும் மாறும். மாலை ஏழு மணிக்கு மதுரைக்காரர் தலையில் விழும்போது அது வட்டியும் முதலுமாக வந்து நிற்கும். டிஜிசிஏ மாதாமாதம் வெளியிடும் கணக்கில் தாமதத்துக்கான காரணங்களில் பெரும்பங்கு இப்படிச் சங்கிலியாக வரும் தாமதம்தான். மழை, மூடுபனி, வான்வழிக் கட்டுப்பாடு எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. கேட்டில் கேட்ட ‘வர்ற ஃபிளைட் லேட்’ பொய் இல்லை. அது ஏன் லேட் என்பதுதான் யாரும் சொல்லாத பாதி.

நேரந்தவறாமையை அளக்கும் முறையிலும் ஒரு சங்கதி உண்டு. அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கிளம்பினால் ‘சரியான நேரம்’ என்று கணக்கு. கிளம்புவது என்றால் மேலே ஏறுவது இல்லை. சக்கரத்தின் அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது. கதவைச் சாத்தி, பின்னுக்குத் தள்ளி, ஓடுபாதைக்குப் போகும் வழியில் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தாலும் கணக்கில் அது சொன்ன நேரத்தில் கிளம்பிய விமானம்தான். டிக்கெட்டில் போடும் பயண நேரமும் அப்படியே. சென்னையிலிருந்து மதுரை வானத்தில் சுமார் 420 கிலோமீட்டர். பறப்பது ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணிக்கு மேலே போட்டிருப்பார்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்தால் பிந்திக் கிளம்பினாலும் ‘நேரத்துக்கு’ இறங்கலாம். அதனால்தான் சில நாள் இருபது நிமிடம் முன்பே தரையிறங்கிவிட்டதாகப் பெருமையாக அறிவிக்கிறார்கள்.

இன்னொன்று: நிறுவனங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் சதவீதம் எல்லா ஊரையும் சேர்த்து எடுத்தது அல்ல. நெடுநாளாக டெல்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் ஆகிய நான்கு நிலையங்களை வைத்தே கணக்குப் போட்டார்கள். அப்புறம் சென்னையும் கொல்கத்தாவும் சேர்ந்தன. மதுரை, தூத்துக்குடி, சேலம் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

பணம் என்ற பேச்சு ரத்தில்தான் வருகிறது. இங்கே எல்லாமே ‘எப்போது சொன்னார்கள்’ என்பதில் நிற்கிறது. ரத்து என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டு வாரத்துக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பு சொன்னால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் தந்து முடித்துக்கொள்ளலாம். அதற்கும் பிந்திச் சொன்னால், அல்லது சொல்லாமலே விட்டால்தான் இழப்பீடு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. படித்ததும் மதுரைக்கு 7,500 என்று மனம் குதிக்கும். ஆனால் பக்கத்திலேயே ‘அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இதில் எது குறைவோ அது’ என்று எழுதியிருக்கிறது.

என் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 4,012 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணம் 3,150. மீதி விமான நிலையத்தின் பயனர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஜிஎஸ்டி. அந்த விமானம் கடைசி நேரத்தில் ரத்தாகியிருந்தால் எனக்கு வர வேண்டியது 4,012 திரும்ப, கூடவே இழப்பீடாக 3,150. 7,500 என்பது உச்சவரம்புதான். மலிவு டிக்கெட்காரர் அந்த எண்ணைத் தொடவே முடியாது. அந்த நேரத்தில் வேறு நிறுவனத்தில் டிக்கெட் எடுக்கப் போனால் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பற்றி விதி பேசவில்லை.

இதிலேயே இன்னொரு முடிச்சு. பயணி ஏற்கும் மாற்று விமானம், இல்லாவிட்டால் முழுப் பணமும் இழப்பீடும் என்றுதான் விதி. இரண்டும் சேர்ந்து அல்ல. கவுன்டரில் “நாளைக் காலை ஆறு மணி ஃபிளைட்ல போடட்டுமா சார்?” என்று கேட்கும்போது அசதியில் தலையை ஆட்டிவிட்டால் இழப்பீட்டுப் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘பயணி ஏற்கும்’ என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம். அப்புறம், டிக்கெட் போடும்போது உங்கள் போன் எண்ணைக் கொடுக்காமல் ஏஜென்ட்டின் எண்ணைக் கொடுத்திருந்தால் தகவல் அவருக்குத்தான் போகும். தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்றும் விதி சொல்கிறது. நம் ஊரில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் டிக்கெட் போடும்போது தங்கள் எண்ணைப் போடுவது வழக்கம். மகன் துபாயில் தூங்கிக்கொண்டிருப்பான். ரத்துச் செய்தி அவன் போனில் இருக்கும்.

இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் விதி கொஞ்சம் தாராளம். ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தந்தால் ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து இரண்டு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் பிந்தினால் நான்கு மடங்கு, 20,000 வரை. என் டிக்கெட்டுக்கு 6,300 அல்லது 12,600. விமானத்தையே ரத்து செய்தால் 3,150. விமானம் போய், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போனால் அதைப் போல இரண்டு, நான்கு மடங்கு.

இத்தனைக்கும் மேலே ஒரு பெரிய குடை இருக்கிறது: நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு இல்லை. வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் எல்லாம் அந்தக் குடைக்குள். சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையே ஏரியானது. 2018 போகி அன்று ஊரே கொளுத்திய புகையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். அப்போதெல்லாம் நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. பழைய டயரைக் கொளுத்தியது நாம்தான்.

‘ஆபரேஷனல் காரணங்களால்’ என்று வரும் குறுஞ்செய்தி மட்டும் வேறு ரகம். அந்தச் சொல் விலக்குப் பட்டியலில் இல்லை. அது காரணமே இல்லை, காரணம் சொல்லாமல் இருப்பதற்கான ஒரு வழி. இதன் உச்சத்தை 2025 டிசம்பரில் நாடு பார்த்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த புதிய விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. உள்நாட்டுப் பயணிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சுமக்கும் இண்டிகோ அதற்குத் தக்க ஆள் பலத்தைத் தயார் செய்திருக்கவில்லை. டிசம்பர் 3 முதல் 5 வரை 2,507 விமானங்கள் ரத்து. மூன்று லட்சம் பேருக்கு மேல் நடுவழியில் நின்றார்கள். மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போக, அரசு தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000 என்று உச்சவரம்பு போட்டது.

புயலும் இல்லை, பனியும் இல்லை. ஆள் கணக்கு தப்பியதுதான். 24 மணி நேரத்துக்குள் ரத்தானவர்களுக்கு விதிப்படி 5,000 முதல் 10,000 வரை இழப்பீடு தருவதாக நிறுவனமே அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் பயணக் கூப்பனும் தனியாக. ஜனவரியில் டிஜிசிஏ 22.20 கோடி அபராதம் போட்டது. விதிகள் இல்லாமல் இல்லை. நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது அவை வேலை செய்தன. மதுரை கேட்டில் எழுபது பேர் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதை யார் பார்க்கிறார்கள்?

தாமதத்துக்குப் பணம் கொடுப்பது உலகத்தில் இல்லாத வழக்கம் ஒன்றும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 விதிக்கு அதன் நீதிமன்றம் 2009-ல் தந்த விளக்கப்படி, மூன்று மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தாலே இழப்பீடு உண்டு. 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோ, டிக்கெட் விலை எவ்வளவாக இருந்தாலும். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2019-ல் லக்னோ–டெல்லி தேஜஸ் ரயிலைத் தொடங்கியபோது ஐஆர்சிடிசி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 250 ரூபாய் என்று தருவதாகச் சொல்லித்தான் தொடங்கியது. தொகை சின்னது. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஒரு ரயில் ஒப்புக்கொண்டது.

ரயில் என்றதும் உச்ச நீதிமன்றத்தின் 2021 செப்டம்பர் தீர்ப்பு ஒன்று நினைவுக்கு வருகிறது. அஜ்மீர்–ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் பிந்தியதால், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகும் விமானத்தை ஒரு குடும்பம் தவறவிட்டது. டாக்சி பிடித்துப் போனார்கள். அந்தச் செலவுக்கு 15,000, தங்குமிட முன்பதிவு வீணானதற்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 என்று கொடுக்கச் சொன்ன உத்தரவை நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்கான காரணம் தன் கையை மீறியது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் பொறுப்பு அதனுடையது என்பதுதான் தீர்ப்பின் சாரம். விமானத்துக்கும் இதே திசையில் ஒரு சட்டம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தில் சேர்ந்த, நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்கான மாண்ட்ரியல் உடன்பாட்டின் விதிகள் உள்நாட்டுப் பயணத்துக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கின்றன. தாமதத்தால் உண்டான நட்டத்துக்கு நிறுவனம் ஒரு வரம்புக்குள் பொறுப்பு; தப்ப வேண்டுமென்றால், நியாயமாகச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம் என்று அதுதான் காட்ட வேண்டும்.

ஆக, டிஜிசிஏ விதியில் பணம் இல்லை என்பதால் கதவு முழுக்கச் சாத்திவிடவில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் போடலாம். ஆனால் நிஜமான நட்டம் இருந்தால்தான் அதில் இறங்குவது புத்தி. நேர்காணல் போனது, அடுத்த விமானம் போனது, மண்டபத்துக்குக் கட்டிய பணம் போனது என்கிற மாதிரி. கோபத்துக்காகப் போட்டால் தாமதத்தைவிட வாய்தாவுக்குத்தான் அதிக நேரம் போகும். அதற்கு முன்னால் நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு எழுதி, பதில் திருப்தி இல்லை என்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் போடலாம். எதற்கும் அன்றைய இரவிலேயே ஆதாரம் சேர்த்திருக்க வேண்டும். திரையில் நேரம் மாற மாற ஒரு போட்டோ. வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைப்பது. கவுன்டரில் “காரணத்தை எழுதிக் கொடுங்க” என்று கேட்பது. பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். மெயிலில் கேட்டால் பதில் போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கும்.

எங்கள் விமானம் 9.50-க்கு நகர்ந்தது. பதினொன்றேகாலுக்கு மேல் மதுரையில் இறங்கினோம். பெருங்குடி வாசலில் பெரியவரின் மாப்பிள்ளை காரோடு நின்றார். எட்டரை மணியிலிருந்தே நிற்கிறாராம்.

நான் மறுநாள் மெயில் எழுதினேன். 7.10-க்கு நான் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது, எனக்காக வர வேண்டிய விமானம் எந்த ஊரில் இருந்தது என்று மட்டும் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ஆபரேஷனல் காரணங்களால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாக எழுதியிருந்தார்கள். ஊர்ப் பெயர் இல்லை.

அடுத்த மாதம் மறுபடி மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. காலை முதல் விமானத்தில் போட்டேன். பெரும்பாலும் ராத்திரியே வந்து நிற்கும் விமானம் அது, சுமந்து வருவதற்குப் பழைய தாமதம் இருக்காது. மார்கழி மூடுபனி இல்லாத மாதங்களில் அதை ஓரளவு நம்பலாம். திரும்பி வருவதற்குப் பாண்டியனில் கீழ் பெர்த் கிடைத்தது.